நம்ம குடும்பம் 🌾 முதுகுளத்தூர்

செல்வி: தினேஷுக்கு சவூதியில் வெல்டர் வேலை வந்திருக்கு. திருச்சி ஏஜெண்ட். 75 நாள் கான்ட்ராக்ட். 1,20,000 கேட்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பாதி கட்டணுமாம். யாரிடமாவது 60,000 இருக்கா?

ராமு: 👍

செல்வி: அண்ணே, இருக்கா இல்லையா?

ராமு: படிச்சிட்டேன்னு சொன்னேன்

முருகேசன் (ஜுபைல்): அக்கா, கட்டாதே. ஷட்டவுன் வேலையா, ஆலையை நிறுத்தி ரிப்பேர் பார்க்கிறது?

தினேஷ்: ஆமா மாமா. ரிஃபைனரி. பைப் வெல்டிங்ல 6ஜி டெஸ்ட் பாஸ்.

மலர்: வாழ்த்துகள் தம்பி 💐💐

முருகேசன் (ஜுபைல்): தினேஷ், நிதானமாகப் படி. அரசாங்கத்தில் பதிவு செய்த ஏஜெண்டுக்கு லைசென்ஸ் நம்பர் இருக்கும். அரசாங்கத்தின் இமைக்ரேட் தளத்தில் தேடினால் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பதிவு செய்தவரே உன்னிடம் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 35,400. அதற்கும் ரசீது தரணும். அப்புறம் சவூதி சட்டப்படி ஆள் எடுக்கிற செலவு, இக்காமா (இங்கே தங்குகிற அனுமதி அட்டை), திரும்பி வர டிக்கெட் எல்லாம் கம்பெனி பொறுப்பு. பின்னே 1,20,000 எதுக்கு? எந்த விசா என்று கேள். ஷட்டவுன் தள்ளிப்போனால் கேம்பில் சும்மா இருக்கிற நாளுக்குச் சம்பளம் உண்டா என்றும் கேள். இங்கே சவூதியில் எத்தனையோ பேர் அப்படி உட்கார்ந்திருக்கிறதைப் பார்க்கிறேன்.

கவிதா: சித்தப்பா, மூச்சு விடுங்க 😄

தினேஷ்: 📷 ஆஃபர் லெட்டர்

முருகேசன் (ஜுபைல்): மேலே 2,800 ரியால்னு பெரிசா போட்டிருக்கான். கீழே பொடி எழுத்தில் பேசிக் 1,200. மிச்சமெல்லாம் ஓவர்டைம். ஓவர்டைம் இல்லேன்னா 1,200தான். கம்பெனி போன் நம்பரும் இல்லை, சீலும் இல்லை.

ராமு: 2011ல் நீ போனப்ப என் நிலத்தைத்தான் அடகு வெச்சோம். அப்ப யாரும் லைசென்ஸ் கேட்கலை.

முருகேசன் (ஜுபைல்): மீட்டுக் கொடுத்தாச்சே அண்ணே

ராமு: வட்டி?

கவிதா: ஆரம்பிச்சிட்டாங்க

மலர்: ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு கிடா யார் சொல்றது? கறிக்கடைக்காரர் இன்னைக்கே கேட்டார்.

செல்வி: மலரு, இங்க என்ன பேசுறோம்!

மலர்: 15 கிலோ போதுமா மட்டும் சொல்லுங்க

ராமு: 20. போன தடவை எனக்கு எலும்புதான் வந்தது

முருகேசன் (ஜுபைல்): தினேஷ், பாஸ்போர்ட் ஒரிஜினல் உன்கிட்டதானே இருக்கு?

முருகேசன் (ஜுபைல்): தினேஷ்?

தினேஷ்: திங்கட்கிழமை கொடுத்துட்டேன் மாமா

முருகேசன் (ஜுபைல்): ஐயோ. விசா ஸ்டாம்பிங் வரைக்கும் ஜெராக்ஸ் போதும்டா. நீ வேற ஏஜெண்ட்கிட்ட போகக்கூடாதுன்னுதான் முன்னாடியே வாங்கி வெச்சுக்கிறது.

செல்வி: அப்போ 20,000 மட்டும் கட்டி வைக்கட்டுமா? நல்ல மனுசனாத்தான் தெரியுது. என்னை அம்மான்னுதான் கூப்பிடுறார்.

முருகேசன் (ஜுபைல்): அக்கா!!

கவிதா: அத்தை, முதல்ல லைசென்ஸ் நம்பர் கேளுங்க. நான் தேடிப் பார்க்கிறேன்.

தினேஷ்: அவரேதான் லைன்ல இருக்கார். அம்மா பேசுறாங்க.

முருகேசன் (ஜுபைல்): நம்பர் கேட்டாச்சா?

தினேஷ்: இல்லை. காதுகுத்துக்கு வரச் சொல்லிட்டிருக்காங்க.

முருகேசன் (ஜுபைல்): வரும்போது பாஸ்போர்ட்டை எடுத்துட்டு வரச் சொல்லு