வெள்ளியங்கிரி ராத்திரி ஏற்றம்: 2500 ரூபாய்க்குள்ள நம்பி வாங்கற ஹெட்லேம்ப் எது?

நொய்யல்_கரை:
மார்ச் கடைசியில நாலு பேர் வெள்ளியங்கிரி ஏறப் போறோம். பூண்டி அடிவாரத்துல ராத்திரி 9 மணிக்குக் கிளம்பி, விடியறதுக்குள்ள ஏழாவது மலையைத் தொடணும்னு கணக்கு. ஒரு கையில மூங்கில் தடி இருக்கும்ங்கறதால கை டார்ச் சரிப்படாது, தலையில மாட்டறதுதான் வேணும்.

ஆன்லைன்ல தேடினா தலை சுத்துது. 600 ரூபாய்க்கு "20,000 லூமன்"னு (வெளிச்சத்தோட அளவாம்) ஒண்ணு. முன்னாடி லென்ஸை இழுத்தா ஜூம், பின்னந்தலையில பேட்டரிப் பெட்டி. இன்னொரு பக்கம், பெரிய பிராண்டுல அதுல நூத்துல ஒரு பங்கு லூமன்கூட போடலை, விலை மட்டும் பல மடங்கு. என் பட்ஜெட் 2500. எத்தனை லூமன் வேணும்? ட்ரிபிள் ஏ பேட்டரியா, சார்ஜ் பண்றதா? மழை வந்தா தாங்குமா? அப்புறம் கேம்பிங்குக்கும் இதையே வெச்சுக்கலாம்னு இருக்கேன்.

பாறை_பல்லி:
அந்த 20,000-ஐ மறந்துருங்க. நெத்தியில மாட்டற அளவு உடம்புல, ஒரே ஒரு 18650 செல்லை (18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம் இருக்கற ரீசார்ஜ் லித்தியம் செல்) வெச்சு 1000 லூமனை அரை மணி நேரம் விடாம குடுக்கறதே நடக்காத காரியம். சூடு வெளியேற இடமில்லை, அதனால நல்ல லைட்டே ரெண்டு மூணு நிமிஷத்துல தானா வெளிச்சத்தைக் குறைச்சுக்கும்.

உங்க பாதைக்கு என்ன வேணும்னு பாருங்க. முதல் மலைப் படிக்கட்டுல 40, 50 லூமன் தாராளம். படி முடிஞ்சு கல்லும் மண்ணுமா வர்ற இடத்துல 100லிருந்து 150. வழி எங்க திரும்புதுன்னு தேடும்போது மட்டும் சில விநாடிக்கு 300, 400. சீசன்ல வார இறுதின்னா முன்னாடியும் பின்னாடியும் ஆளுங்க வரிசை கட்டி நடப்பாங்க; 1000 லூமனைப் போட்டுட்டு நடந்தா எதிர்ல இறங்கி வர்றவர் கண்ணு கூசி படியைத் தவற விடுவார். கண்ணுக்கு வெளிச்சம் ரெண்டு மடங்காத் தெரியணும்னா லூமன் கிட்டத்தட்ட நாலு மடங்காகணும். அதனால 400-க்குப் பதிலா 600 வேணும்னு காசைக் கொட்டறதுல அர்த்தமில்லை.

பெட்டி மேல எஃப்எல் 1 (டார்ச், ஹெட்லேம்ப்பை அளக்கறதுக்கான பொது விதிமுறை) குறியீடு இருக்கான்னு பாருங்க. இருந்தா எண்களுக்கு ஒரு பொருள் உண்டு, ஆனா அதைப் படிக்கவும் தெரியணும். லூமன் அளக்கறது ஆன் பண்ணி 30 விநாடி கழிச்சு. "எரியும் நேரம்"ங்கறது அந்த வெளிச்சம் பத்துல ஒரு பங்காக் குறையற வரைக்கும். அதாவது "600 லூமன், 8 மணி நேரம்"னு போட்டிருந்தா எட்டாவது மணி முடிவுல 60 லூமன்தான் மிச்சம், நடுவுல பெரும்பாலான நேரம் 150-ஓ 100-ஓ தெரியாது. தூரக் கணக்கும் அப்படித்தான்: வெளிச்சம் 0.25 லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலா அளவுக்கு வர்ற இடம் வரைக்கும் எழுதிடுவாங்க. கல்லு எது பள்ளம் எதுன்னு பிரிச்சுப் பார்க்கணும்னா அதுல மூணுல ஒரு பங்குதான் உதவும்.

அதனால அதிகபட்ச லூமனைப் பார்க்காம, நடு அளவு வெளிச்சம் எத்தனை மணி நேரம் குறையாம நிக்குதுன்னு பாருங்க. தயாரிப்பாளர் தளத்துல வெளிச்சம்-நேரம் வரைபடம் போட்டிருப்பாங்க. கோடு மேஜை மாதிரி நேராப் போய் கடைசியில விழுந்தா வாங்கலாம். முதல் நிமிஷத்துலிருந்தே சரிஞ்சுகிட்டே வந்தா அதுல சீராக்கற சர்க்யூட் கிடையாது.

செல்_டாக்டர்:
பேட்டரி கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லிடலாம். 150 லூமனுக்கு ஏறக்குறைய ஒன்றரை வாட் ஆகும்.

நல்ல 18650 செல், 3500 எம்ஏஎச்: 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. சர்க்யூட்டில் வீணாவதைக் கழித்தாலும் 7 மணி நேரம் வரும். ரீசார்ஜ் ஆகும் ட்ரிபிள் ஏ மூன்று, தலா 800 எம்ஏஎச்: மொத்தமே 2.9 வாட்-மணி. இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. பெட்ஸில் (Petzl) கம்பெனியின் ஆக்டிக் கோர் மாதிரி 1250 எம்ஏஎச் பேக்கில் ஓடுவது 3 மணி நேரம். ஆனால் அதிலேயே மூன்று ட்ரிபிள் ஏ-வும் போட்டுக்கொள்ளலாம் என்பது நல்ல வசதி. என்ன, உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும்.

ஆகவே ராத்திரி முழுக்க நடப்பவருக்கு, கழற்றி மாற்றக்கூடிய ஒற்றை 18650 போடும் எல் வடிவ லைட் (செல் போடும் குழாயின் முனையில், பக்கவாட்டில் வெளிச்சம் வருவது). சோஃபிர்ன் எஸ்பி40 இந்த ரகம். ஃபீனிக்ஸ் எச்எம்65ஆர் எல் வடிவம் இல்லை, ஆனால் அதிலும் ஒற்றை 18650தான்; இன்னும் உறுதியானது, விலையும் அதற்கேற்ப. எதை வாங்கினாலும் உதிரியாக ஒரு செல், அதற்கான பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சாவி, சில்லறையோடு பையில் கிடந்தால் இரு முனையும் ஒட்டி நெருப்பே பிடிக்கும்.

செல் வாங்கும்போது: 18650-ல் 3600 எம்ஏஎச்-க்கு மேல் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். "9900" என்று அச்சடித்தவை சந்தையில் நிறைய. எடை காட்டிக் கொடுத்துவிடும். அசல் செல் 45 முதல் 50 கிராம். 30 கிராமுக்குக் கீழே இருந்தால் உள்ளே பாதி காலி. இன்னொன்று, பாதுகாப்பு சர்க்யூட் வைத்த செல்லின் நீளம் 65 மி.மீ. அல்ல, 69 வரை போகும். சில லைட்டில் மூடி முழுதாகத் திருகாது. கட்டாயப்படுத்தி இறுக்கினால் ஸ்பிரிங் நசுங்கும், ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் தண்ணீரும் புகும்.

நொய்யல்_கரை:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. கூட வர்ற ஒருத்தர் அந்த 600 ரூபாய் ஜூம் மாடலை ஏற்கெனவே வாங்கிட்டார். எரியத்தான் எரியுது, நல்லாவே பளிச்னு இருக்கு. அதுல என்ன கெடும்?

குறுக்குவழி:
முதல்ல கெடறது ஒயர். முன் லைட்டுலிருந்து பின் பெட்டிக்குப் போற அந்த மெல்லிசு ஒயர் பெட்டிக்குள்ள நுழையற இடத்துல, தலை திரும்பறப்பல்லாம் மடங்கி மடங்கி உள்ள செம்பு அறுந்துடும். லைட் விட்டு விட்டு எரிஞ்சா அங்கதான் பாருங்க. கிளம்பறதுக்கு முன்னாடி அந்த இடத்துல ரெண்டு செ.மீ. நீளத்துக்கு ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினா சுருங்கி இறுகறது) இல்லைன்னா இன்சுலேஷன் டேப் சுத்தி, ஒயரை ஸ்ட்ராப்போட சேர்த்துக் கட்டிட்டா ஆயுசு கூடும்.

ரெண்டாவது, இழுக்கற லென்ஸ். அந்த இடைவெளிதான் தண்ணி உள்ள போற வழி. மழை வந்தா நிக்காது. நீங்க புதுசா வாங்கறதுல ஐபிஎக்ஸ் 4 (தண்ணி தாங்கறதுக்கான தர எண்) இருந்தாலே எந்தப் பக்கத்துலிருந்து தெறிக்கற தண்ணியும் பிரச்சினை இல்லை. ஐபிஎக்ஸ் 7-ன்னா ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம். சார்ஜ் போடற ஓட்டையை மூடற ரப்பர் நல்லா அமுங்கியிருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க, அது திறந்திருந்தா இந்த எண்ணெல்லாம் சும்மா.

மூணாவது, ஜூம் முழுசா இழுத்தா தரையில சின்னதா ஒரு சதுரம் மட்டும் வெள்ளையா விழும், சுத்தி கும்மிருட்டு. நடக்கறதுக்கு லாயக்கில்லை. உள்ள தள்ளி அகலமா வெச்சே நடக்கச் சொல்லுங்க. பளிச்னு இருக்குங்கறீங்களே, முழு சார்ஜ்ல எது வேணா பளிச்னுதான் இருக்கும். நாலாவது மலையில எப்படி இருக்குங்கறதுதான் கேள்வி.

அதை வீட்டிலேயே சோதிக்கலாம். முழு சார்ஜ் போட்டு, நடு அளவுல வெச்சு, டேபிள் ஃபேன் முன்னாடி மெதுவா காத்துப் படற மாதிரி வைங்க. காத்தில்லாட்டி சூட்டுல சீக்கிரமே குறைஞ்சுடும், நடக்கறப்ப அப்படி ஆகாது. ஒரு மீட்டர் தள்ளி போனை வெச்சு லக்ஸ் ஆப்ல அரை மணிக்கு ஒரு தடவை எண்ணைக் குறிச்சுக்குங்க. ஆப் காட்டற எண் துல்லியமா இருக்காது, ஆனா அதே போன், அதே இடம்னா ஒப்பிடப் போதும். ஆறு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தா ரெண்டு லைட்டோட லட்சணமும் தெரிஞ்சுடும்.

பாறை_பல்லி:
இறங்கறதைப் பத்தி யாரும் பேசலை, சறுக்கறது அங்கதான். நெத்தி லைட்டோட ஒரு குணம்: வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்துலிருந்தே போறதால கல்லோட நிழல் கல்லுக்குப் பின்னாடியே விழுந்துடும், நமக்குத் தெரியாது. படியோட உயரம் புரியாம எல்லாம் ஒரே தட்டையாத் தெரியும். இருட்டு இருக்கும்போதே இறங்க நேர்ந்தா லைட்டைக் கழட்டி இடுப்பு உயரத்துல பை ஸ்ட்ராப்பில மாட்டிக்குங்க. நிழல் நீளமா விழுந்து மேடு பள்ளம் பிரிஞ்சு தெரியும். மேல மலைகள்ல மேகம் இறங்கி மூடினாலும் இதே வைத்தியம்தான்: நெத்தியில இருந்தா மேகத்துளியில பட்டு வெளிச்சம் கண்ணுக்கே திரும்பி வெள்ளைச் சுவராயிடும், லூமனைக் கூட்டினா இன்னும் மோசம். குறைச்சுட்டு, கீழ இறக்கிப் பிடிங்க. எல் வடிவ லைட் சிலிக்கோன் வளையத்துலிருந்து ஒரு இழுப்புல கையோட வந்துடும், அதுக்காகவே அந்த வடிவம் எனக்குப் பிடிக்கும்.

வெளிச்ச நிறம் 4000லிருந்து 5000 கெல்வின்ல எடுங்க. 6500-ல நீலம் தூக்கலா இருக்கும், மண்ணும் பாறையும் ஒண்ணாத் தெரியும். கேம்பிங்குக்கும்னா சிவப்பு லைட் இருந்தா நல்லது. கண்ணு இருட்டுக்கு முழுசாப் பழக 20, 30 நிமிஷம் ஆகுது, வெள்ளை லைட் ஒரு விநாடி பட்டா எல்லாம் போச்சு. மினுக்கற ஸ்ட்ரோப்பை மட்டும் அங்க தொடாதீங்க. யானை நடமாடற காடு, கூட்டத்தோடயே போங்க, வனத்துறை ஆளுங்க சொல்றதைக் கேளுங்க.

குறுக்குவழி:
பையில வெக்கறப்ப பின் மூடியைக் கால் சுத்து தளர்த்தி வைங்க. பொத்தான் தானா அமுங்கி பைக்குள்ளயே எரிஞ்சு, அடிவாரத்துக்கு வர்றப்ப பேட்டரி காலியாகறது அடிக்கடி நடக்கற கூத்து. சில மாடல்ல தளர்த்தினாலும் தொடர்பு விடாது, வாங்கின அன்னைக்கே பார்த்துடுங்க. எடை பேட்டரியோட 100 கிராமைத் தாண்டினா உச்சந்தலை மேல போற ஸ்ட்ராப்பும் வேணும், இல்லாட்டி வேர்வையில வழுக்கி மூக்கு மேல வந்து நிக்கும்.

செல்_டாக்டர்:
திரும்பி வந்த பிறகு: எலக்ட்ரானிக் பொத்தான் உள்ள லைட் அணைந்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். அடுத்த சீசன் வரை கிடக்கப் போகிறதென்றால் செல்லை வெளியே எடுத்து, முழு சார்ஜில் இல்லாமல் 3.7 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள். எடுக்கும்போது 2.5 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் மறுபடி சார்ஜ் போட வேண்டாம், மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடலாம்.

நொய்யல்_கரை:
சரிங்க, எல் வடிவ ஒற்றை 18650, 5000 கெல்வின், உதிரி செல் ஒண்ணு. 69 மி.மீ. செல் போகுமான்னு கடைக்காரரைக் கேட்டுட்டு ஆர்டர் போடறேன். ஜூம்காரருக்கு டேப் சுத்தற வேலையும் என் தலையிலதான்.