போர்ச்சுகல் டி8 விசா: வருமானச் சராசரி பற்றி ஒரு சந்தேகம்

வணக்கம். இந்தியாவிலிருந்து போர்ச்சுகல் டி8 விசா (வெளிநாட்டு வேலையைத் தொலைவிலிருந்து செய்பவர்களுக்கானது) வாங்கியவர்கள் யாராவது உதவுங்களேன். ஓராண்டுத் தற்காலிகத் தங்கல் விசா அல்ல. 4 மாத விசாவில் போய் இறங்கி, ஐமா (அந்நாட்டுக் குடியேற்றத் துறை) அலுவலகத்தில் 2 ஆண்டு வதிவிட அட்டை வாங்கும் வகை. இரண்டையுமே டி8 என்பதால் படிவத்தில் மாற்றிக் குறித்துவிடுவது சுலபம், கவனம்.

வருமான வரம்பு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தின் 4 மடங்கு. 2025-இல் அந்த ஊதியம் 870 யூரோ, ஆக வரம்பு மாதம் 3,480 ஆக இருந்தது. கடைசி 3 மாதச் சராசரியைப் பார்ப்பார்கள். சம்பளக்காரருக்கு இது எளிது. ஃப்ரீலான்சருக்குத்தான் தலைவலி. இன்வாய்ஸ் டாலரில், வங்கியில் விழுவது ரூபாயில், வரம்போ யூரோவில். 2,900, 4,300, 3,600 என்று வந்தால் சராசரி 3,600, அந்த 2025 வரம்பில் தேறிவிடும். ஆனால் ரூபாயை யூரோவாக்க எந்த நாள் மதிப்பு? பணம் வந்த நாளா, விண்ணப்பிக்கும் நாளா? வரம்பை ஒட்டியே நிற்பதால் கேட்கிறேன்.

வங்கிக் கட்டணம் பிடித்தம் போவதால் இன்வாய்ஸ் தொகையும் வரவும் பொருந்தாது. அதற்கு வெளிநாட்டுப் பணவரவுச் சான்றை இணைத்தால் போதுமா, வாடிக்கையாளர் கடிதமும் வேண்டுமா?

இன்னொன்று: பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பிசிசிக்கு (காவல்துறை நன்னடத்தைச் சான்று) வெளியுறவு அமைச்சக அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அத்தாட்சி முத்திரை) வாங்கியாயிற்று. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. போர்த்துகீசிய மொழிபெயர்ப்பும் கேட்டார்களா?

வாடகை ஒப்பந்தம் 12 மாதத்துக்குக் கொடுத்தவர்கள், அது அங்குள்ள வரித்துறையில் பதிவானதா என்பதையும் சொல்லுங்கள். எந்த மாதம், எந்த ஊர் விசா விண்ணப்ப மையத்தில் கொடுத்தீர்கள் என்றும் குறிப்பிட்டால் நல்லது. மையத்துக்கு மையம் கேட்பது மாறுகிறது.