உப்பிய டின்னை ஆதாரமாக்க என்ன வழி?

வணக்கம். உணவுப் பாதுகாப்பு வழக்குகளிலோ ஆய்வகத்திலோ அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

ஒரே தொகுதி எண் (பேட்ச் நம்பர்) போட்ட உணவு டின்கள் இரண்டு வாங்கினோம். காலாவதித் தேதி இன்னும் வரவில்லை. ஒன்றைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று வெளியேறி நாற்றம் அடித்தது. யாரும் வாயில் வைக்கவில்லை, நல்லவேளை. மற்றொன்றின் மூடி உப்பியிருக்கிறது, அழுத்தினால் திரும்ப மேலெழும்புகிறது. உள்ளே கிருமி பெருகி வாயு சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். பொட்டுலிசம் நஞ்சு (ஒரு வகை பாக்டீரியா உண்டாக்கும் கொடிய நஞ்சு) இருந்தால் அது மணத்திலோ சுவையிலோ தெரியாமலும் போகலாம் என்பதால் இந்த டின்னைத் திறக்கவில்லை.

கடையில் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். பணமா பிரச்சினை? அதே தொகுதி டின்கள் அலமாரியில் இன்னும் விற்பனைக்கு இருக்கின்றன.

நானே ஆய்வகத்தில் கொடுத்து வாங்கும் அறிக்கை வழக்கில் நிற்குமா? "வீட்டில் வைத்திருந்த விதத்தில் கெட்டது" என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடாதா? உணவுப் பாதுகாப்பு அதிகாரி கடையிலேயே மாதிரி எடுத்து, விற்பவர் முன்னிலையில் முத்திரை வைத்தால்தான் வலு என்கிறார்கள். அப்படியென்றால் அவர் வருவதற்குள் சரக்கை அப்புறப்படுத்திவிட்டால்? இருக்கும் டின்னையும் பில்லையும் வைத்தே தயாரிப்பாளர் வரை போக முடியுமா?

அப்புறம் இன்னொன்று. புகார் விசாரணைக்கு வரும்வரை இந்த டின்னை எப்படி வைத்திருப்பது? வெளியே இருந்தால் வெடிக்குமோ என்று பயம். உறைய வைத்தால் கிருமிப் பரிசோதனை முடிவு மாறிவிடுமோ என்று சந்தேகம். இப்போதைக்கு இரட்டைப் பையில் கட்டி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் தனியாக வைத்திருக்கிறேன். சரிதானா?