கொக்கியா, காஜாவா?

பாளையங்கோட்டையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். தையல், நர்சிங் உதவியாளர் படிப்புகள். பத்தாவதோடு நின்றவர்கள், கல்யாணம் முடித்துத் திரும்பப் படிக்க வந்தவர்கள் என்று எல்லா வயதிலும் இருப்பார்கள். எழுத்தாளர்களை அழைத்துப் பேசவைப்பது என் பொறுப்பு.

முதல் தடவை நான் செய்தது தவறு. சால்வை, பேனர், மைக் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் வந்த எழுத்தாளர் எழுதிய ஒரு வரியைக்கூட யாரும் படித்திருக்கவில்லை. முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் பேசினார். "கேள்வி இருந்தா கேளுங்க" என்றதும் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராத்திரி முழுக்க நெல்லை எக்ஸ்பிரஸில் வந்த மனிதர். அவரை ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது மனசே சரியில்லை.

அடுத்த தடவை பேனர் அடிக்கவில்லை. அந்தக் காசில், வரப்போகிறவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் சிறுகதை ஒன்றை ஜெராக்ஸ் எடுத்தோம். எட்டுப் பக்கம். ஒரு வாரம் கடைசி பீரியடில் ஆளுக்கு ஒரு பத்தியாகச் சத்தமாக வாசித்தார்கள். "படிச்சவங்ககிட்ட நாங்க என்னத்தக் கேட்க?" என்ற தயக்கம் மட்டும் போகவில்லை. எழுத்தாளர் கி.ரா.வை, அதாவது கி. ராஜநாராயணனைப் பற்றிச் சொன்னேன். கோவில்பட்டி பக்கம் இடைசெவல். 1986 வரை அது நம் திருநெல்வேலி ஜில்லாதான். பள்ளிப் படிப்பை முடிக்காத சம்சாரி, அதாவது விவசாயி. அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராகவே அமர்த்திக்கொண்டது. 1991-இல் சாகித்திய அகாதமி விருது.

கதை எழுதியவர் வந்த அன்றைக்குத் தையல் வகுப்பு அக்கா ஒருவர்தான் முதலில் எழுந்தார். "சார், கதையில அந்தம்மா ஜாக்கெட்டுக்கு காஜா எடுக்காங்கன்னு இருக்கு. காஜான்னா பட்டன் ஓட்டைல்லா. ஜாக்கெட்டுக்குக் கொக்கில்லா வைப்போம்?"

எனக்குத் திக்கென்றது. எழுத்தாளர் பையிலிருந்து தன் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடினார். "சரிதாம்மா. எங்க அம்மா தைக்கிறதைப் பார்த்து வளர்ந்தவன், தப்பா எழுதிட்டேன்" என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

அப்புறம் கேள்விகள் நிற்கவில்லை. கதையில் அந்தம்மா கடைசியில் தையல் மெஷினை விற்றதை வகுப்பில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நானா இருந்தா தாலிய வித்திருப்பேன், மெஷின விக்க மாட்டேன்" என்றார் ஒருவர். எழுத்தாளர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "இது எனக்குத் தோணாமப் போச்சே" என்றார். மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான்.

ஆனியில் இன்னொருவர் வருகிறார். அவர் கதையில் ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்று உண்டு. நர்சிங் பிள்ளைகள் அதை இப்போதே இரண்டாம் முறை வாசிக்கிறார்கள்.