வேர் சிகிச்சையில் முறிந்த ரோட்டரி ஃபைல்: எடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி:
என் தாயாருக்குக் கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லில் வேர் சிகிச்சை நடந்தபோது, வேர்க்குழாயைச் சுத்தம் செய்ய மோட்டாரால் சுழற்றும் மெல்லிய கருவியான ரோட்டரி ஃபைலின் நுனி முறிந்து முன்வேரின் குழாய் ஒன்றில் தங்கிவிட்டது. மருத்துவர் அன்றே எக்ஸ்ரேயைக் காட்டி விவரத்தைச் சொன்னார். வேரின் வளைவுக்கு அப்பால், ஏறக்குறைய 2 மி.மீ. நீளத்தில் ஒரு வெண்கோடு தெரிகிறது. பல்லையே பிடுங்க நேருமோ என்று அம்மா கலங்கியிருக்கிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (வேர் சிகிச்சை நிபுணர்):
அம்மாவிடம் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். ரோட்டரி ஃபைல் நிக்கல் டைட்டானியம் என்ற உலோகக் கலவையால் ஆனது; அதன் துண்டு தானாகச் சீழ் பிடிக்க வைப்பதில்லை. துண்டுக்குக் கீழே சுத்தம் செய்யப்படாமல் கிருமி எஞ்சியிருக்கிறதா என்பதே கேள்வி. மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஒப்பீட்டில், துண்டு தங்கிய பற்களில் 91.8 சதவீதமும் தங்காதவற்றில் 94.5 சதவீதமும் குணமாகியிருந்தன. ஆகவே, சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கருநிழல் (தொற்றால் எலும்பு கரைந்ததன் அடையாளம்) இருந்ததா என்று முதலில் கேளுங்கள். இருந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை.

மறுமொழி 2 (பல் மருத்துவர்):
வளைந்த குழாயில் நிமிடத்துக்குச் சுமார் 300 முறை சுழலும் ஃபைல், ஒவ்வொரு சுற்றிலும் ஒருபுறம் இழுபட்டு மறுபுறம் அமுங்குவதால் களைத்துப்போகிறது; நுனி இறுகிச் சிக்கிய பின்னும் மோட்டார் சுழற்றினால் முறுக்கிலேயே ஒடிகிறது. எஃகுக் கை ஃபைலில் முறியும் முன் பெரும்பாலும் புரி பிரிவது கண்ணுக்குத் தெரியும். களைப்பால் முறியும் நிக்கல் டைட்டானியமோ எந்த அடையாளமும் காட்டாது. அதனால்தான் 10, 15 எண் கொண்ட மெல்லிய கை ஃபைல்களால் வழி அமைத்த பிறகே ரோட்டரியை இறக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கருநிழல் இல்லை என்றார். அப்படியானால் எடுக்க முயல வேண்டாமா?

மறுமொழி 1:
வளைவுக்கு அப்பால் உள்ள துண்டை எடுக்க, நுண்ணோக்கியின் கீழ் மீயொலியால் அதிரும் அல்ட்ராசோனிக் முனையால் வேரின் சுவரைக் குடைய வேண்டியிருக்கும். வேர் மெலிந்து பின்னாளில் விரிசல் விடலாம், துளையும் விழலாம். நானாக இருந்தால் 8 அல்லது 10 எண் ஃபைலால் துண்டின் பக்கவாட்டில் வழி கிடைக்கிறதா என்று பார்ப்பேன். கிடைக்காவிட்டால் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியால் நன்கு கழுவி, துண்டு வரை அடைத்துவிடுவேன். பிறகு பல்லுக்கு உறை போட்டு, ஓராண்டு கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அப்போது கருநிழல் தோன்றியிருந்தால், வேர் நுனி அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம்.