புதுப்பிப்பு: பார்படோஸில் எந்த டாலர்?

பார்படோஸுக்கு அமெரிக்க டாலர் மட்டும் கொண்டுபோனால் போதுமா, உள்ளூர்ப் பணமாக மாற்ற வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். "டாலரே போதும்" என்று பலர் சொன்னீர்கள். போய்விட்டு வந்தாச்சு.

செல்லுகிறது, உண்மைதான். 1975 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு பார்படோஸ் டாலர் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள், அதனால் மனக்கணக்கு சுலபம். ஆனால் மீதி உள்ளூர்ப் பணத்தில்தான் வரும். தொல்லை என்னவென்றால், இரண்டுக்கும் ஒரே டாலர் குறிதான். டாக்ஸிக்காரர் "நாற்பது" என்றால் எந்த நாற்பது என்று ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். பாதிக்குப் பாதி வித்தியாசம்!

பேருந்துக்கு உள்ளூர்ச் சில்லறை வேண்டும். கட்டணம் 3.50 பார்படோஸ் டாலர். நீல நிற அரசுப் பேருந்தில் மீதி தர மாட்டார்கள், சரியாகப் போட வேண்டும். பாட்டு அலறும் தனியார் வேன்களில் மீதி கிடைக்கும். ஒரு டாலர் நாணயத்துக்கு ஏழு பக்கம், அதில் பறக்கும் மீன். பைக்குள் கையை விட்டுத் தடவியே எடுத்துவிடலாம்.

கார்டு பற்றிக் கேட்டவருக்கு: ஓட்டல், சூப்பர் மார்க்கெட்டில் பிரச்சினையே இல்லை. ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா என்று மெஷின் கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். ரூபாய்க்கு அவர்கள் போடும் விகிதம் நமக்கு நஷ்டம். ஒய்ஸ்டின்ஸ் என்ற கடற்கரை ஊரின் மீன் கடைகளுக்கு ரொக்கமே வசதி.

அப்புறம், மிஞ்சிய பார்படோஸ் நோட்டை நம்மூரில் மாற்றுவது கஷ்டம். நான் விமான நிலையத்திலேயே மஞ்சள் மிளகாய் சாஸாக மாற்றிவிட்டேன்.