அலுமினியத்தைக் கண்டுகொள்ளாத ப்ராக்ஸிமிட்டி சென்சார்: கோளாறு எங்கே?

ரிலே ராஜா:
இதுவரை இரும்புப் பாகம் ஓடிய லைனில் இப்போது அலுமினியம் ஓடுகிறது. 5 மி.மீ. தூரத்தில் கண்டுகொள்ளும் என்று போட்ட எம்18 (18 மி.மீ. திருகு உடல்) இண்டக்டிவ் சென்சார், அதாவது தொடாமலே உலோகத்தை அறியும் ப்ராக்ஸிமிட்டி சென்சார், 3 மி.மீ. பக்கத்தில் பாகம் வந்தாலும் கண்டுகொள்வதில்லை. ஸ்பேனரைக் காட்டினால் உடனே எல்இடி எரிகிறது! உள்ளே இருப்பது காந்தம்தானே, இரும்பை மட்டும்தான் பிடிக்கும். "எல்லா உலோகமும்" என்று சொல்லி விற்பது ஏமாற்று வேலை.

சுருள்கம்பி:
காந்தம் இல்லை சார். முகப்புக்குப் பின்னால் ஃபெரைட்டில் (காந்தப்புலத்தை முன்பக்கம் குவிக்கும் பொருள்) ஒரு காயில், அதை ஓட்ட ஓர் ஆசிலேட்டர் (அலைவு உண்டாக்கும் சர்க்யூட்). எதிரே உலோகம் வந்தால் அதன் மேற்பரப்பில் சுழல் மின்னோட்டம் கிளம்பும். அது ஆற்றலை உறிஞ்ச, ஆசிலேட்டரின் அலைவு தளரும். அந்தத் தளர்ச்சியைப் பார்த்துத்தான் அவுட்புட் மாறுகிறது. மின்சாரம் கடத்தும் எந்த உலோகமும் இதில் சிக்கும். எவ்வளவு தூரத்தில் என்பதுதான் கேள்வி. அலுமினியத்தில் மின்தடை குறைவு, ஆகவே இழப்பும் குறைவு. கேட்டலாக்கில் உள்ள தூரம் 1 மி.மீ. கனமுள்ள சதுர மைல்ட் ஸ்டீல் தகட்டை வைத்து அளந்தது. அலுமினியம் என்றால் அதை ஏறக்குறைய 0.4 ஆல் பெருக்க வேண்டும். உங்கள் 5, 2 ஆகிவிட்டது. (வேடிக்கை என்னவென்றால், மெல்லிய அலுமினியத் தாள் தடித்த கட்டியைவிடத் தூரத்திலேயே சிக்கும்.)

இரவுப்பணி:
எதற்கு இந்தக் கணக்கெல்லாம்? ஒளியை வைத்துப் பார்க்கும் போட்டோ சென்சார் போடுங்கள், எந்த உலோகமானாலும் ஒன்றுதான்.

சுருள்கம்பி:
கூலண்ட் தெறிக்கும் இடத்திலா? லென்ஸில் எண்ணெய் படிந்தால் அதுவும் பாகம் என்றே சொல்லும். ப்ராக்ஸிக்கு எண்ணெய் ஒரு பொருட்டில்லை. உலோகச் சீவல் முகப்பில் குவிந்தால்தான் தொல்லை.

இரவுப்பணி:
சரி, அப்படியானால் 8 மி.மீ. நான்-ஃப்ளஷ் (முகப்பு பிராக்கெட்டுக்கு வெளியே நீட்டி நிற்கும் வகை) எம்18?

சுருள்கம்பி:
8 × 0.4 = 3.2. நிச்சயமாக வேலை செய்யும் தூரம் என்று அதில் 81 சதவீதத்தைத்தான் எடுக்கலாம். 2.6! 3 மி.மீ. இடைவெளிக்கு அது பத்தாது. நான்-ஃப்ளஷ் என்றால் பக்கவாட்டு உலோகத்தையே பார்த்துவிடும், சுற்றிலும் இடம் விட வேண்டும். பிராக்கெட்டை 1 மி.மீ. முன்னால் தள்ள முடியுமா?

ரிலே ராஜா:
முடியாது, பாகம் அதிர்ந்து வருகிறது, முகப்பில் இடித்துவிடும்.

சுருள்கம்பி:
அப்போ 'ஃபேக்டர் 1' வகைதான், பெருக்கும் எண் 0.4 இல்லை, 1. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் ஒரே தூரம்.

ரிலே ராஜா:
பார்க்கிறேன். ஆனால் லேபிளில் 5 என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அட்டவணையில் பொடி எழுத்தில் கழிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.